தேனிக்கு நான்கு எழுத்து

ஐந்து பட்டைகள்தான் நிற்கின்றன. பதினைந்து நிற்க வேண்டும். ஐந்து ஊர், ஊருக்கு மூன்று மாதத்து மழை, ஐமூன்று பதினைந்து. திரையில் ஐந்துதான். ஆரஞ்சு நிறத்தில் ஐந்து, அவற்றின் காலடியில் கொஞ்சம் பச்சை, புல் முளைத்த மாதிரி. நீலம் எங்கே போயிற்று. ஆடி மாதத்துக்கு நீலம் என்று அதுவாகவே கொடுத்துக்கொண்டது, நான் கேட்கவில்லை. ஆடியை முதலில் வரையச் சொன்னேன், அடுத்து ஐப்பசியை, கடைசியில் மாசியை. மூன்றையும் வரைந்துவிட்டேன் என்றுதான் கம்ப்யூட்டர் சொல்கிறது. பிழை என்று சிவப்பு எழுத்தில் எதுவும் வரவில்லை. சிவப்பு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், எந்த வரி என்று சொல்லியிருக்கும். இது சொன்னதைச் செய்துவிட்டுப் பேசாமல் நிற்கிறது. மூன்று பேரையும் ஒரே இடத்தில் நிறுத்தினால் முன்னால் நிற்பவர்தானே தெரிவார். ஐப்பசி உயரம், ஆடியை முழுசாக மறைத்துவிட்டது. மாசி குள்ளம், ஐப்பசியின் முழங்காலுக்கு முன்னால் நிற்கிறது. மேகமலையில் மட்டும் ஆடி மழை கூடுதல். அங்கே ஆரஞ்சுக்கு மேலே நீலம் ஒரு தொப்பி அளவுக்கு எட்டிப் பார்க்கிறது. இல்லாமல் போகவில்லை, பின்னால் இருக்கிறது. சரி. மூச்சு விடு மங்கை. மங்கையர்க்கரசி என்று நுழைவுச்சீட்டில் முழுப் பெயர் இருக்கிறது, பக்கத்தில் போன தடவை எடுத்த அதே போட்டோ, அதே பயந்த கண். பட்டைகளுக்குக் கீழே ஊர்ப் பெயர் வரவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக நிற்கிறது. காலிக் கட்டங்கள். தேனிக்கு நான்கு கட்டம், கம்பத்துக்கு ஆறு. போன தடவை இந்தக் கட்டங்களோடுதான் எழுந்து போனேன். பெயரில்லாத படத்துக்கு என்ன மார்க் போடுவது என்று அப்போது வந்த தேர்வாளர் நியாயமாகத்தான் கேட்டார். அதை இப்போது பார்க்காதே. கண்ணைக் கட்டத்திலிருந்து எடு. முதலில் நீலம், பிறகு பெயர். ஒவ்வொன்றாக.

ஒவ்வொன்றாக என்று சொல்லிக்கொள்ளும்போதே எல்லாம் சேர்ந்துதான் வருகிறது. ஏசி இரைகிறது, காலுக்கடியில் வயர்கள், முன்வரிசையில் யாரோ பென்சிலைக் கடிக்கும் சத்தம். பாலிடெக்னிக் ஆய்வுக்கூடத்துக்கே உரிய அந்த வாசனை, சூடான பிளாஸ்டிக்கும் ஃபினாயிலும். எங்கள் அலுவலகத்தில் தட்டச்சர் என்ற வேலையை எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டார்கள் என்றால் எங்களை வெளியே அனுப்பவில்லை. இந்தச் செய்முறைத் தேர்வில் தேறினால் மதுரையிலேயே புள்ளிவிவரப் பிரிவு, தேறாவிட்டால் ராமநாதபுரத்தில் பதிவறை. இரண்டு வாய்ப்பு. ஒன்று போய்விட்டது. ராமநாதபுரம் ஒன்றும் நரகம் இல்லை, அங்கேயும் மனிதர்கள் இருக்கிறார்கள், கூட வேலை பார்த்த தமிழ்க்கொடி அங்கேதான் போனாள், மீன் மலிவு என்று போனில் சொன்னாள். எனக்கு மீன் பிரச்சினை இல்லை. எனக்குப் பழங்காநத்தத்தில் மாடியில் ஓர் அறை, ஒரு அடுப்படி, ஒரு கதவு. நாற்பத்தைந்து வயதில் முதன்முதலாக என் கைப்பையில் ஒரு சாவி. அதற்கு முன்னால் எல்லாம் அண்ணன் வீடு. அண்ணன் சிதம்பரநாதன் நல்லவன், அண்ணி கோமதி கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. ஹாலில் படுப்பேன். அவர்கள் எழுவதற்குள் பாயைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட வேண்டும். யாரும் சொன்னதில்லை, எனக்கே தெரிந்திருந்தது. சொந்தக்காரர்கள் வந்தால் "மங்கை எங்க?" என்று கேட்பார்கள். "உள்ளதான் இருக்கா" என்பாள் அண்ணி. உள்ளே எங்கே. அடுப்படியில், பின்கட்டில், துணி காயும் கொடிக்குப் பின்னால். எல்லாரும் இருக்கும் இடத்தில்தான் நானும் இருந்தேன், ஆனால் என்னைப் பார்க்க அவர்கள் தலையைச் சாய்க்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரி ஜெபமணியக்காவிடம் போன வாரம் சொல்லிவைத்துவிட்டேன், தேறாவிட்டால் மாதக் கடைசியில் காலி செய்துவிடுவேன் என்று. சொல்லாமல் இருந்திருக்கலாம். அக்கா அன்றைக்கே ஆட்களுக்குக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். நேற்று அலுவலகத்திலிருந்து வந்தால் என் அடுப்படியில் ஒரு அம்மா நின்று சிங்க்கில் தண்ணீரைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். "பிரஷர் கம்மியா இருக்கே" என்கிறாள் என்னிடம். நான் ஏதோ தப்புச் செய்த மாதிரி "காலைல நல்லா வரும்" என்றேன். என் அடுப்படியைப் பற்றி நானே அவளுக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன். நீலம். நீலத்தைக் கவனி.

பஸ்ஸில் மூன்று பேர் சீட்டு. ஜன்னலோரம் ஒருத்தி, நடுவில் ஒருத்தி, மூன்றாவது ஒருத்தி வந்து நின்றுகொண்டு, கொஞ்சம் தள்ளி உட்காருங்க என்பாள். தள்ளி. அந்தச் சொல்லுக்கு அளவு கிடையாது, ஆனாலும் எல்லாருக்கும் தெரிகிறது எவ்வளவு என்று. இதற்குத் தெரியாது, அளவைச் சொல்ல வேண்டும். ஊர்கள் பூச்சியத்திலிருந்து நான்கு வரை எண்களில் நிற்கின்றன. தேனி பூச்சியம், போடி ஒன்று, கம்பம் இரண்டு, மேகமலை மூன்று, கொடைக்கானல் நான்கு. ஊருக்கு ஊர் இடைவெளி ஒன்று. அந்த ஒன்றுக்குள் மூன்று பேர் உட்கார வேண்டும், அடுத்த ஊர்க்காரரை இடிக்காமல் ஓரத்தில் காற்றுக்கும் கொஞ்சம் விட வேண்டும். ஆளுக்குக் கால் பங்கு, காற்றுக்குக் கால் பங்கு. அகலம் = 0.25 என்று அடிக்கிறேன். அகலம் என்று தமிழிலேயே அடித்தால் ஏற்றுக்கொள்கிறது என்பதைக் கண்டுபிடித்த அன்று அரைமணி நேரம் சிரித்தேன். அலுவலகச் சுற்றறிக்கையில் அகலம் என்று எழுதினால்கூட அடித்துத் திருத்துவார்கள். நடுவில் ஐப்பசி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஆடியை ஓர் அகலம் இடப்பக்கம் தள்ளு, கழித்தல். மாசியை ஓர் அகலம் வலப்பக்கம், கூட்டல். எதைத் தள்ளுவது, ஊர் எண்ணையா மழையையா. இடத்தைத்தான். மழையில் கை வைத்தால் பொய்யாகிவிடும். ஊர் எண்களைச் சும்மா பட்டியலாக விட்டால் கழித்தலை ஏற்றுக்கொள்ளாது, வீட்டில் கம்ப்யூட்டரிடம் பலதடவை திட்டு வாங்கியிருக்கிறேன், பட்டியலிலிருந்து கால் பங்கைக் கழிக்க முடியாது என்று. ஒவ்வொன்றிலும் கழி என்று புரிகிற மாதிரி அதை அணியாக மாற்றித் தர வேண்டும். மாற்றினேன். முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி. அடைப்புக்குறி மூடினேனா. மூடினேன். பக்கத்துக் கணினியில் அய்யாத்துரை என்னைப் பார்க்கிறார். விருதுநகர் அலுவலகத்துத் தட்டச்சர், போன தடவையும் பக்கத்து இருக்கை, அவருக்கும் இது கடைசி வாய்ப்பு. இந்த முறை ஆங்கிலத் தாள் எடுத்திருக்கிறார். "என்ன மேடம், மூணு பயலும் ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறி நிக்கிறானா?" என்கிறார் வாயை அசைக்காமல். "நின்னாங்க. இறக்கிட்டிருக்கேன்." "எனக்கு ஒருத்தனையே காணோம். மழையே பெய்யல." "பேசாம எழுதுங்க சார்" என்று கண்காணிப்பாளர் ரெஜினா மேடம் அங்கிருந்தே சொல்கிறாள். சின்னப் பெண், இந்தப் பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர், எங்களை அதட்டச் சங்கடப்பட்டு அதட்டுகிறாள். எழுதிய வரிகளை ஓட்டினேன். ஒரு நொடி வெள்ளை. பிறகு வந்தார்கள். மூன்று மூன்றாக, ஐந்து கூட்டமாக, ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டு, யாரும் யாரையும் மறைக்காமல். நீலம் நீலம் நீலம். கம்பத்தில் ஆடி எவ்வளவு குட்டை, ஆனால் தெரிகிறது. குட்டையாக இருந்தாலும் தெரிகிறது. பதினைந்து. விரல் வைத்து எண்ணினேன், திரையில் விரல் பட்டுச் சின்னதாகக் கறை. பதினைந்து. இதற்கெல்லாமா இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டுக்கொண்டே இன்னொரு தடவை எண்ணுகிறேன். இதற்கெல்லாம்தான்.

கட்டங்கள். இனி கட்டங்கள். போன தடவை இது எனக்கு ஏதோ சாபம் மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய் ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அது எடுத்துக்கொண்ட எழுத்துருவில் தமிழே கிடையாது. தெரியாத எழுத்துக்கெல்லாம் ஒரு காலிக் கட்டம் வரைந்துவிடும். அதன் மேல் தப்பில்லை, எனக்குத் தெலுங்கைக் காட்டினால் நானும் வட்டம் வட்டமாகத்தான் பார்ப்பேன். தமிழ் தெரிந்த எழுத்துருவின் பெயரை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரே வரி. ஒரே ஒரு வரிக்காக ஒரு வருடம். இந்த வரியை அலுவலகத்துக்கு நடக்கும்போது, வெங்காயம் உரிக்கும்போது, குளிக்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறேன். அடித்தேன். ஓட்டினேன். கட்டங்கள் போய்விட்டன. கம்பம் வந்துவிட்டது. கம்பம் எவ்வளவு அழகான ஊர், அப்படியே வந்து நிற்கிறது. மற்றதெல்லாம் என்ன இது. தேனியில் கொம்பு த-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. னி-யை முட்டிக்கொண்டு, னேயி என்றோ ஏதோ ஒன்றாக, ஊர் பேரே இல்லை. போடியில் ப தனியாக நிற்கிறது, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன, ஆள் இல்லாத பல்லக்கு மாதிரி. மேகமலையின் கடைசியில் ல-வுக்கு அப்புறம் ஐகாரக் கொம்பு தொங்குகிறது. கொடைக்கானலைப் பார்க்கவே முடியவில்லை, விபத்து நடந்த இடம். வீட்டில் இது வரவில்லையே. வீட்டில் எந்த ஊர் வைத்துப் பழகினேன். மதுரை, கம்பம், நத்தம், வாடிப்பட்டி. மதுரையில் ரை இருந்ததே, பார்க்கவில்லையா. கட்டம் போன சந்தோஷத்தில் பார்க்கவில்லை. ஒரு எழுத்து தள்ளி நின்றதைப் பார்க்காத தட்டச்சர். கையைத் தூக்கினேன். ரெஜினா மேடம் வந்து குனிந்து பார்த்தாள். "மேடம், எழுத்து உடைஞ்சு வருது. சிஸ்டம் மாத்தித் தர முடியுமா?" "சிஸ்டம் ப்ராப்ளம் இல்ல மேடம். எல்லாச் சிஸ்டத்துலயும் இப்படித்தான் வரும். தமிழ் டைப் அடிச்சா அது எழுத்தைச் சேர்க்காது." "அப்ப தமிழ்த் தாள் எடுத்தவங்க என்ன செய்வாங்க?" "இந்த பேட்ச்ல நீங்க ஒருத்தர்தான் மேடம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்கிலீஷ்ல பேர் போட்டுருங்க. பாதி மார்க்காவது வரும்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். வினாத்தாளில் 'பெயர்களைத் தமிழில் இடுக' என்று இருக்கிறது; அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாதி மார்க் போதுமா. போதாது. மூன்று கேள்வியில் முதலிரண்டும் சுமாராகத்தான் செய்திருக்கிறேன், இது முழுதாக வந்தால்தான் கரை. அய்யாத்துரை தன் திரையைப் பார்த்தபடியே, "நான் சொன்னேன்ல, இங்கிலீஷ் எடுங்கன்னு. அவனுக்குக் கொம்பும் இல்ல, சுழியும் இல்ல. வரிசையா நிப்பான்" என்கிறார். அவருக்கு மழை பெய்ய ஆரம்பித்துவிட்டது போல, முகத்தில் வெளிச்சம்.

ராமநாதபுரத்துப் பதிவறை எப்படி இருக்கும். ஜன்னல் இருக்குமா. தமிழ்க்கொடி ஜன்னலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அங்கே வீடு பார்க்க வேண்டும், தனியாளுக்குத் தரமாட்டோம் என்பார்கள், அண்ணன் வந்து பேசினால் தருவார்கள், அண்ணன் வருவான், வந்தால் அண்ணி வருவாள், இந்த வயதில் எதற்குத் தனியாக, வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிடு என்பாள், பீரோவுக்குப் பின்னால் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கும். நிறுத்து. இதற்கு நேரமில்லை. கை சும்மா இருக்கக் கூடாது. கொடைக்கானல் என்று மறுபடி அடிக்கிறேன், எதற்கு என்று தெரியாமல், பதற்றத்தில் விரல் தானாகப் போகிறது. க-வுக்குப் போகவில்லை. விரல் வேறெங்கோ போய்விட்டது. எங்கே போகிறது இந்த விரல். பார்க்கிறேன். கீழ்வரிசைக்கு. ஒரு காலத்தில் கொம்பு இருந்த விசைக்கு. சிரிப்பும் பயமும் சேர்ந்து வருகிறது. தட்டச்சு இயந்திரத்தில் கொம்பைத்தான் முதலில் அடிப்போம். கொம்பு, பிறகு க, பிறகு கால். மேலமாசி வீதி இன்ஸ்டிடியூட்டில் பயிற்றுநர் ஸ்கேலை மேசையில் தட்டிக்கொண்டே நடப்பார். கொம்பு க கால், கொம்பு ப கால், இரட்டைக்கொம்பு த. இருபது பெண்கள் ஒரே நேரத்தில், தகரக் கொட்டகையில் மழை பெய்வது போலச் சத்தம். கண்ணில் எப்படித் தெரிகிறதோ அப்படியே இடமிருந்து வலமாக. இயந்திரத்துக்கு எழுத்து தெரியாது, அச்சு மட்டும்தான் தெரியும், விழுகிற வரிசையில் விழும். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, முதலில் க, அப்புறம் கொம்பு என்றார்கள், முன்னால் கொண்டுபோய் வைக்கிற வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். மாறுவதற்கு எனக்கு எத்தனை மாதம் பிடித்தது, எத்தனை ஆணையில் எத்தனை கொம்பு இடம் மாறி நின்றது. பார்த்துக்கொள்ளும் என்றார்கள். கம்ப்யூட்டருக்குள்ளே இந்தப் படம் வரைகிறவன் பார்த்துக்கொள்ளவில்லை. இவன் பழைய இயந்திரம். இவனுக்கும் எழுத்து தெரியாது, விழுகிற வரிசையில் விழும். அப்படியென்றால் கொம்பை முதலில் கொடு. இவ்வளவுதான். கொம்பை முதலில் கொடு.

எப்படிக் கொடுப்பது. விசைப்பலகை கொம்பைத் தனியாக முதலில் அடிக்க விடமாட்டேன் என்கிறது, புத்திசாலி. அப்போது தேனி ஞாபகம் வருகிறது. பழக ஆரம்பித்த நாட்களில் ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணச் சொல்லும் கட்டளையைத் தேனியில் போட்டுப் பார்த்தேன், நான்கு என்றது. ஜெபமணியக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அக்கா, தேனிக்கு எத்தனை எழுத்து?" "ரெண்டு." "இது நாலுங்குது." அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இதை வச்சா உனக்கு வேலை தரப்போறாங்க?" என்றாள். த ஒன்று, கொம்பு ஒன்று, ன ஒன்று, இகரச் சுழி ஒன்று. நான்கு துண்டு. துண்டு என்றால் எடுக்கலாம், எடுத்தால் முன்னால் ஒட்டலாம். இதற்கு எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து. ஆக ஒன்றாம் துண்டு கொம்பு. ஒரு சின்னச் செயற்கூறு எழுதினேன், நான்கைந்து வரி: சொல்லை வாங்கு, துண்டு துண்டாகப் போ, வருவது கொம்பு என்றால் அதைத் தூக்கி முந்தின துண்டுக்கு முன்னால் வை, இல்லாவிட்டால் கடைசியில் சேர். மூன்று கொம்பு: ஒற்றை, இரட்டை, ஐகாரம். எழுதியதைச் சோதிக்க இங்கேயே அச்சிட்டுப் பார்த்தால் அலங்கோலம், கொம்பு ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. பயப்படாதே, இது எழுத்தைச் சேர்க்கத் தெரிந்த புத்திசாலியின் இடம், இங்கே அப்படித்தான் தெரியும். படத்தில் பார். ஓட்டினேன். தேனி. தேனி வந்துவிட்டது. மேகமலை வந்துவிட்டது, முதல் எழுத்தும் சரி, கடைசி எழுத்தும் சரி. போடி வரவில்லை. கொடைக்கானலில் டை வந்துவிட்டது, கொ வரவில்லை. ஏன். இரண்டு பேருக்கும் என்ன சொந்தம். கால். கொம்பும் காலும் சேர்ந்ததை இது ஒரே துண்டாக வைத்திருக்கிறது, பல்லக்கு, அதனால் என் கொம்புப் பட்டியலில் அது இல்லை. உடை. ஒகரம் வந்தால் ஒற்றைக்கொம்பு முன்னால், கால் பின்னால். ஓகாரம் வந்தால் இரட்டைக்கொம்பு முன்னால், கால் பின்னால். இன்ஸ்டிடியூட்டில் அடித்த அதே வரிசை, ஸ்கேல் தட்டும் சத்தம் கேட்கிறது. ஓட்டினேன். ஐந்து ஊரும் நிற்கின்றன. தேனி, போடி, கம்பம், மேகமலை, கொடைக்கானல். பலகை நட்ட மாதிரி, பஸ்ஸிலிருந்து பார்த்தால் படிக்கலாம். பக்கவாட்டில் மழை அளவு என்று போட்டிருந்தேன். அங்கே மழை சரியாகிவிட்டது, அளவில் வு மட்டும் வால் கழன்று தனியாகக் கிடக்கிறது. உகரம் வேறு நோய், வ-வோடு உருகி ஒட்ட வேண்டியது, முன்னே பின்னே வைத்துத் தீராது. தட்டச்சு இயந்திரத்தில் வு-வுக்குத் தனி அச்சு இருந்தது. இங்கே இல்லை. நேரம் என்ன. இருக்கிறது, ஆனால் இந்த நோய்க்கு வைத்தியம் பார்க்கிற அளவுக்கு இல்லை. பொருத்தமான பெயர் இடுக என்றுதான் தாளில் இருக்கிறது, அளவு என்றே போட வேண்டும் என்று இல்லை. உகரம் இல்லாமல் மழையை எப்படிச் சொல்வது. மழைப்பொழிவு, வு. மழையின் கணக்கு, கு. எவ்வளவு, அதுவும் வு. எங்கே திரும்பினாலும் ஒரு உகரம் வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. பெய்த மழை. பெய்த மழை, மி.மீ. எவ்வளவு நல்ல தமிழ். இதை யாராவது சுற்றறிக்கையில் எழுதினால் மழை பெய்தது என்றாவது நம்புவார்கள். போட்டேன். மூலையில் நிறக்குறிப்பு: நீலம் ஆடி, ஆரஞ்சு ஐப்பசி, பச்சை மாசி. ஆடிக்கும் மாசிக்கும் ஐப்பசிக்கும் கொம்பும் இல்லை, உகரமும் இல்லை, ஒழுங்கான பிள்ளைகள்.

கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இனி தொடக் கூடாது. தொட்டால் கெட்டுப்போகும் என்ற பயம் ஒரு பக்கம், இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்லும் ஆசை ஒரு பக்கம். ஆசை ஜெயிக்கிறது. ஓட்டினேன். அப்படியே வருகிறது. மறுபடியும். அப்படியே. இது அதிர்ஷ்டமாக வந்திருந்தால் ஒரு தடவைதான் வரும். இது நான் சொல்லி வருகிறது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒவ்வோர் இருக்கையாக வருகிறார், ஓய்வுபெறும் வயது, கழுத்தில் கண்ணாடிக் கயிறு. அய்யாத்துரையிடம் ஏதோ கேட்டார், அய்யாத்துரை எழுந்து நின்று பதில் சொன்னார், உட்காருங்க உட்காருங்க என்றார். பிறகு என் திரை. நான் எழுந்து நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் கேள்வி வந்துவிட்டது. "ஐப்பசியை மட்டும் ஏன் நகர்த்தாம விட்டீங்க?" "நடுவுல இருக்கறவங்க நகர வேண்டாம் சார். ஓரத்துல இருக்கறவங்க தள்ளி உக்காந்தாப் போதும்." கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "நாலாவதா ஒரு மாசம் வந்தா?" இது வீட்டில் பழகாதது. பழகாவிட்டால் என்ன, சீட்டு கண்முன்னால் இருக்கிறது, நாலு பேர் வந்து உட்கார்கிறார்கள். "அகலத்தைக் குறைக்கணும் சார். அப்புறம் நடுவுலன்னு யாரும் கிடையாது. நாலு பேரும் நகரணும், உள்ள இருக்கறவங்க பாதி அகலம், ஓரத்துல இருக்கறவங்க ஒண்ணரை." "ம்." குனிந்து ஊர்ப் பெயர்களைப் படித்தார். ஒவ்வொன்றாக, உதடு அசைய. "எழுத்து உடையாம வந்திருக்கே. காலைல ஒருத்தர் பேரையெல்லாம் படமா எடுத்து ஒட்டி வச்சிருந்தார். நீங்க என்ன செஞ்சீங்க?" "நானே உடைச்சுக் கொடுத்தேன் சார். சேர்ந்து வந்திருச்சு." செயற்கூற்றைக் காட்டினேன். முதல் வரியிலிருந்து மெதுவாகக் கீழே வந்தார். கொம்பு முன்னால் போகும் வரியில் நின்றார், சிரித்தார். "டைப்பிங்கா?" "ஆமா சார். தமிழ் ஹையர்." "நான் லோயர் பரீட்சையிலயே போயிட்டேன். எல்லாம் இந்தக் கொம்பாலதான். எங்க வாத்தியார் என் தாளைப் பார்த்து, இது தமிழா, மாட்டுச் சந்தையான்னாரு." அய்யாத்துரை பக்கத்திலிருந்து சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார். தேர்வாளர் தாளில் எழுதினார். எனக்கு அவர் பேனாவைப் பார்க்கத் தைரியமில்லை, அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சேவ் பண்ணிட்டுக் கிளம்புங்க." கிளம்பினால் போதாது, எனக்குத் தெரிந்தாக வேண்டும், சாயங்காலம்வரை இந்தக் கேள்வியோடு திரிய முடியாது. "சார், வந்திருமா?" அவர் ஏற்கெனவே அடுத்த இருக்கைக்குத் திரும்பியிருந்தார். திரும்பாமலே சொன்னார். "சாயங்காலம் போர்டுல ஒட்டுவாங்க. நீங்க அதைப் பார்க்கறதுக்காக இங்க நிக்க வேண்டியதில்லம்மா. வீட்டுக்குப் போங்க."

வீட்டுக்குப் போங்க. ஒரு தடவை உள்ளே சொல்லிப் பார்த்தேன். தோற்றவளிடம் யாரும் இப்படிச் சொல்வதில்லை. வராந்தாவில் வெயில் ஒரு பட்டையாக விழுந்திருக்கிறது, இனி கொஞ்ச நாளைக்கு எதைப் பார்த்தாலும் பட்டையாகத்தான் தெரியும். செருப்பை மாட்டும்போது வலது காலை இடதில் நுழைத்து மறுபடி எடுத்தேன். யாரிடம் சொல்வது. அண்ணனிடம் சொன்னால் சந்தோஷப்படுவான், நிஜமாகவே, பிறகு அண்ணியிடம் சொல்வான், அண்ணி நல்ல செய்திக்கு ஒரு பாயசமும் ஒரு அறிவுரையும் வைத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம். பாயசம் ஞாயிற்றுக்கிழமையும் இனிக்கும். தமிழ்க்கொடிக்குச் சொல்ல வேண்டும், ஆனால் அவளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துச் சொல்ல வேண்டும். இப்போதைக்கு யாருக்கும் வேண்டாம், இது கொஞ்ச நேரம் என்னிடமே இருக்கட்டும் என்று நினைத்தபோதுதான், ஒருத்திக்கு உடனே சொல்லியாக வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. போனை எடுத்தேன். மூன்று தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள் ஜெபமணியக்கா, பின்னால் குக்கர் சத்தம். "யாரு, மங்கையா? நல்லவேளை கூப்பிட்ட. காலைல ஒரு பேங்க்காரர் சம்சாரத்தோட வந்து மேல பார்த்துட்டுப் போனாரு. பிடிச்சிருக்காம். சாயங்காலம் அட்வான்ஸோட வர்றேன்னாரு. அந்தம்மா உன் பரண்ல ஏறிக்கூடப் பார்த்துட்டா." "அக்கா." "நல்ல மாதிரியாத்தான் தெரியறாங்க. ஒரே புள்ள." "அக்கா, நான் ராமநாதபுரம் போகல." குக்கர் இன்னொரு விசில் விட்டது. அக்கா அதை அணைக்கப் போய்விட்டு வந்தாள். "பாஸா?" "ஆமாக்கா." "தேனிக்கு நாலு எழுத்துன்னு சொன்னதுக்கா தந்தாங்க?" "ஆமாக்கா." சிரித்தாள், நானும் சிரித்தேன், வராந்தாவில் போன யாரோ திரும்பிப் பார்த்தார். "அது சரி, சாயங்காலம் அந்த மனுசன் பணத்தை எடுத்துட்டு வந்து நிப்பாரே. நான் என்னன்னு சொல்ல?" அக்காவுக்கு உண்மையிலேயே கவலை, வாக்குக் கொடுத்துவிட்டவள் கவலை. நான் கதவைப் பற்றியும் சாவியைப் பற்றியும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அதெல்லாம் நீளம்.

"மேல ஆள் இருக்குன்னு சொல்லுங்க" என்றேன்.